இரு வாக்குகளுக்கு இடையே: ஜி. ஜி. பொன்னம்பலமும் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டங்களும்

பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் அரசியலை மதிப்பிட முற்படுவோர் பெரும்பாலும் அவருடைய பேச்சுக்களையே நாடுகின்றனர். மேடைப் பேச்சும் சபைப் பேச்சும் நினைவில் நிற்பன, அச்சில் வருவன, தொண்டர்களால் திரும்பத் திரும்ப எடுத்துரைக்கப்படுவன. ஆனால் சட்டம் பேச்சினால் ஆவதில்லை, வாக்கினால் ஆவது. ஒரு மசோதாவின் மீது சபை பிரிக்கப்படும்போது உறுப்பினர் எப்பக்கம் நின்றார் என்பதை ஹன்சார்ட் அறிக்கையின் இரு பெயர் வரிசைகள் காட்டுகின்றன. அவ்வரிசைகளை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் முயற்சி நம்மிடையே அரிதாகவே நிகழ்ந்துள்ளது. அதன் விளைவாக, நடந்த வாக்குகளின் இடத்தை அவற்றைப் பற்றிய கதைகள் பிடித்துக்கொண்டுள்ளன.

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு ஜி. ஜி. பொன்னம்பலம் 1948ஆம் ஆண்டில் அளித்த வாக்குகளாகும். மலைநாட்டுத் தமிழரின் பிரசாவுரிமையைப் பறித்த சட்டத்துக்குக் கைகொடுத்தவர் என அவரை ஒரு சாரார் பல தசாப்தங்களாகக் குற்றஞ்சாட்டி வந்துள்ளனர். அச்சட்டத்தை எதிர்த்தே வாக்களித்தவர் என மற்றொரு சாரார் வாதிட்டு வந்துள்ளனர். இரு கூற்றுக்களிலும் உண்மையின் ஒரு கூறு உண்டு, இரண்டும் முழுமையானவையல்ல. சபைப் பதிவு உண்மையில் எதனைச் சொல்கின்றது, எதனைச் சொல்லாமல் விடுகின்றது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாக்குகளுக்கு முந்திய நிலை

1901இல் பிறந்த பொன்னம்பலம் 1934இல் மன்னார்-முல்லைத்தீவுத் தொகுதியின் இடைத்தேர்தல் வழியாக அரசாங்க சபையுட் புகுந்தார். 1936 முதல் பருத்தித்துறைத் தொகுதியின் உறுப்பினராக விளங்கினார். பெரும்பான்மையினருக்குப் பாதி, சிறுபான்மையினர் அனைவருக்குமாகப் பாதி என்னும் 'ஐம்பதுக்கு ஐம்பது' கோரிக்கையே அவருடைய அரசியலின் அச்சாணியாக இருந்தது. 1944இல் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் தோற்றம் பெற்றபோது அதன் தலைமையை ஏற்று, அடுத்த ஆண்டு சோல்பரி ஆணைக்குழுவின் முன் அக்கோரிக்கையை விரிவாக எடுத்துரைத்தார். ஆணைக்குழு அதனை ஏற்கவில்லை.

1945 நவம்பரில் சோல்பரித் திட்டத்தை அடிப்படையாகக் கொண்ட வெள்ளை அறிக்கையை ஏற்கும் பிரேரணை அரசாங்க சபையில் 51 வாக்குகளுக்கு 3 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்த மூவருள் டபிள்யூ. தகநாயக்கா ஒருவர், ஏனைய இருவரும் இந்திய வம்சாவளியினரின் பிரதிநிதிகள். தமிழ் உறுப்பினர் பலர் ஆதரித்தே வாக்களித்தனர். அத்திட்டத்தை வன்மையாக எதிர்த்த பொன்னம்பலத்தின் பெயரோ இரு பக்கத்திலும் இல்லை. அவர் அப்பொழுது இலண்டனில் தம் வாதத்தை எடுத்துரைத்துக்கொண்டிருந்தார். வாக்குப் பட்டியலை மாத்திரம் நோக்குபவர் இங்கு ஒரு வெற்றிடத்தையே காண்பர். வாக்களிக்காதவரின் கருத்தைப் பட்டியல் காட்டுவதில்லை என்பதை இவ்விடத்திலேயே மனத்திற் கொள்ளவேண்டும்.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் பிரதிநிதிகள் சபையின் தெரிவு செய்யப்பட்ட 95 இடங்களுள் ஐக்கிய தேசியக் கட்சி 42 இடங்களைப் பெற்றது. நியமன உறுப்பினர் அறுவருடன் சபையின் மொத்தத் தொகை 101 ஆகும். எனவே, டி. எஸ். சேனநாயக்காவின் அரசாங்கம் சுயேச்சை உறுப்பினரின் துணையை வேண்டிநின்றது. தமிழ்க் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. யாழ்ப்பாணத் தொகுதியில் அருணாசலம் மகாதேவாவைப் பொன்னம்பலம் தோற்கடித்தார். காங்கேசன்துறையில் எஸ். ஜே. வி. செல்வநாயகமும் கோப்பாயில் சி. வன்னியசிங்கமும் வெற்றிபெற்றனர். மலைநாட்டுத் தொகுதிகளிலிருந்து இலங்கை இந்தியர் காங்கிரஸின் சார்பில் எஸ். தொண்டமான், கே. இராஜலிங்கம், சி. வி. வேலுப்பிள்ளை முதலியோர் சபைக்கு வந்தனர். அவர்களைத் தெரிவு செய்த மக்களின் வாக்குரிமை அடுத்த பொதுத்தேர்தல்வரை நிலைக்கவில்லை.

ஆகஸ்ட் 20: எதிர்ப்பு வாக்கு

இலங்கைப் பிரசாவுரிமை மசோதா 1948 ஆகஸ்ட் மாதத்தில் சபையின் முன் வந்தது. இது பின்னர் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டமாயிற்று. இலங்கையில் பிறந்தமை மாத்திரம் பிரசாவுரிமைக்குப் போதாது என்பது இதன் சாரம். இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவளியாற் பிரசையாவதற்கு அவருடைய தந்தையும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். பதிவினாற் பெறும் பிரசாவுரிமையின் வாயில் மிகக் குறுகியது. சிறப்பான பொதுச் சேவைக்காகப் பதிவு செய்யப்படக்கூடியோர் ஆண்டொன்றுக்கு 25 பேருக்கு மேற்படலாகாது என விதிக்கப்பட்டது.

இச்சட்டத்தின் வாசகத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு ஒரு சமூகத்தினருக்கு மாத்திரம் தடையோ குறையோ விதிக்கும் சட்டத்தைத் தடுத்திருந்தது. இவ்வகைச் சட்டங்கள் அப்பிரிவுக்கு முரணானவையல்ல என 1953இல் கோமறைக் கழகம் தீர்ப்பளித்தமைக்கு வாசகத்தின் இப்பொதுத்தன்மை துணைநின்றது. ஆனால் அதன் பளு யார்மீது விழும் என்பது சபையிலிருந்த அனைவரும் அறிந்ததே. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்தியத் தமிழர் ஏறத்தாழ 780,000 பேர். இலங்கைத் தமிழர் ஏறத்தாழ 733,000 பேர். அதாவது, இந்நாட்டில் தமிழ் பேசிய இரு பிரிவினருள் தோட்டத்து மக்களை உள்ளடக்கிய பிரிவே அன்று தொகையிற் பெரியது. தகப்பனின் பிறப்பைப் பத்திரங்கொண்டு நிறுவுதல் லயக் காம்பிராவிற் பிறந்து வளர்ந்த தொழிலாளி ஒருவருக்கு எத்துணைக் கடினம் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மசோதா 1948 ஆகஸ்ட் 20ஆம் நாள் 53 வாக்குகளுக்கு 35 வாக்குகளால் நிறைவேறியது. இலங்கை இந்தியர் காங்கிரஸும் இடதுசாரிக் கட்சிகளும் எதிர்த்தன. தமிழ்க் காங்கிரஸும் எதிர்த்தது. பொன்னம்பலம் அளித்தது எதிர்ப்பு வாக்கேயாகும். அவர் இம்முதற் சட்டத்தை ஆதரித்தார் எனக் கூறுவது சபைப் பதிவுக்கு மாறானது. அரசியற் பகைமையால் நிலைபெற்ற இவ்வழுவை வரலாற்று மாணவர் களைதல் கடமையாகும்.

செப்டெம்பர் 3: வாக்கெடுப்பில்லாத முடிவு

ஆகஸ்ட் 20இன் பின் 14 நாட்கள் கழிந்தன. செப்டெம்பர் 3ஆம் நாள் பொன்னம்பலம் சேனநாயக்காவின் மந்திரிசபையிற் சேர்ந்து, கைத்தொழில், கைத்தொழில் ஆராய்ச்சி, கடற்றொழில் ஆகியவற்றுக்குப் பொறுப்பான மந்திரியானார். எதிர்த்து நின்று பெறமுடியாதவற்றை ஒத்துழைத்துப் பெறலாம் என்பது அவர் தரப்பின் நியாயமாக இருந்தது. அந்நியாயத்தை வெறும் பதவி மோகமெனத் தள்ளிவிடுதல் எளிது. நேர்மையான ஆய்வு அவ்வாறு தள்ளிவிடாது. ஐம்பதுக்கு ஐம்பது தோற்றுவிட்டது, சுதந்திரம் வந்துவிட்டது, எதிர்க்கட்சி வரிசையில் ஏழு பேர் இருந்து எதனைத் தடுக்க முடியும் என்னும் வினா அன்று உண்மையான வினாவாகவே இருந்தது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் காகித ஆலை ஆகியவற்றின் தொடக்கத்தோடு அவர் பெயர் இணைத்துப் பேசப்படுவதும் இம்மந்திரிப் பதவியின் காரணமாகவே.

எனினும் மந்திரிப் பதவிக்கு ஒரு விலை உண்டு. மந்திரிசபையின் கூட்டுப்பொறுப்பு என்பது, அரசாங்கம் கொண்டுவரும் மசோதாவுக்கு மந்திரி வாக்களிக்கவேண்டும், இயலாதாயின் விலகவேண்டும் என்பதாகும். இந்திய வம்சாவளியினர் பற்றிய அடுத்த மசோதா வரவிருந்தமை மறைபொருளன்று. 1947 டிசெம்பரில் சேனநாயக்காவும் நேருவும் டில்லியிற் சந்தித்து உரையாடியிருந்தனர். அதன்பின் நடந்த கடிதப் போக்குவரத்தில் எத்தனை ஆண்டு வசித்தோரைப் பிரசைகளாக ஏற்பது என்பதே முதன்மைப் பொருளாக இருந்தது. எனவே செப்டெம்பர் 3ஆம் நாள் மந்திரியாகச் சத்தியம் செய்தவர் அடுத்த மசோதாவில் எவ்வாறு வாக்களிக்க நேரும் என்பதையும் அன்றே ஏற்றுக்கொண்டவராகிறார். டிசெம்பர் வாக்கு உண்மையில் செப்டெம்பரிலேயே அளிக்கப்பட்டுவிட்டது என்பது நமது கருத்து. ஹன்சார்ட் வரிசைகளில் அந்நாளுக்கு இடமில்லை. ஆயினும் அவருடைய வாக்குப் பதிவின் திருப்பம் அந்நாளிலேதான் நிகழ்ந்தது.

டிசெம்பர் 10: ஆதரவு வாக்கு

இந்திய பாகிஸ்தானிய வதிவோர் (பிரசாவுரிமை) மசோதா 1948 டிசெம்பர் 10ஆம் நாள் வாக்கெடுப்புக்கு வந்தது. இது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டமாயிற்று. 1946 சனவரி 1ஆம் நாளுக்கு முன் திருமணமானோர் ஏழு ஆண்டும் ஏனையோர் பத்து ஆண்டும் இந்நாட்டில் இடையறாது வசித்திருத்தல் வேண்டும்; போதிய வருமானம் இருத்தல் வேண்டும்; இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும் என்பன அதன் முக்கிய நிபந்தனைகள். பொன்னம்பலம் இம்மசோதாவை ஆதரித்து வாக்களித்தார்.

இவ்வாக்கை இரு வகையாக விளக்கலாம். முதற் சட்டம் ஆகஸ்டிலேயே நிறைவேறிவிட்டது; அது வாயிலை மூடியது; இரண்டாவது சட்டம் ஒரு சிறு கதவையேனும் திறந்தது; ஆகவே இரண்டாவதை ஆதரித்தல் பாதிக்கப்பட்டோருக்கு உதவியேயாகும் என்பது ஒரு விளக்கம். பொன்னம்பலத்தின் ஆதரவாளர் கூறுவது இதுவே. இரு சட்டங்களும் ஒரே கட்டடத்தின் இரு சுவர்கள். உரிமையாக இருந்ததை முதலாவது பறித்தது. பறித்ததனை அதிகாரியின் தயவில் இரந்து பெறும் பொருளாக இரண்டாவது மாற்றியது. ஆதலால் இரண்டாவதை ஏற்றவர் முதலாவதையும் பின்னோக்கி ஏற்றவராகிறார் என்பது மற்றைய விளக்கம். செல்வநாயகத்தின் நிலைப்பாடு இதனைச் சார்ந்தது. இன்று இந்தியத் தமிழருக்கு நேர்வது நாளை மொழிப் பிரச்சினை எழும்போது இலங்கைத் தமிழருக்கும் நேரும் என்ற பொருள்பட அவர் அவ்விவாதத்தில் எச்சரித்தார்.

சட்டம் நடைமுறையான விதத்தை நோக்கின் இரண்டாவது விளக்கமே வலுப்பெறுகின்றது. 1951 ஆகஸ்ட் வரையான இரண்டாண்டுக் காலத்தில் ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள் வந்தன. அவை 824,000 பேருக்கு மேற்பட்டோரை உள்ளடக்கின. அவர்களுள் பிரசாவுரிமை பெற்றவர் ஏறத்தாழ 134,000 பேரே. திறந்த கதவென்று காட்டப்பட்டது எவ்வளவு ஒடுங்கியது என்பதற்கு இத்தொகைகளே போதிய சான்று. ஆயினும் இத்தொகைகளை 1948 டிசெம்பரில் எவரும் அறிந்திருக்க முடியாது என்பதையும் நியாயமாகக் குறிப்பிடல் வேண்டும். ஒரு வாக்கை அதன் விளைவைக் கொண்டு மாத்திரம் அளத்தல், வாக்களித்தவர் அறிந்திராத ஒன்றுக்கு அவரைப் பொறுப்பாளியாக்குவதாகும். அவர் அறிந்திருந்தவற்றைக் கொண்டே அவரை மதிப்பிடவேண்டும். தாம் நான்கு மாதங்களுக்குள் எதிர்த்த ஒரு கொள்கையின் தொடர்ச்சியே இம்மசோதா என்பதை அவர் அறிந்திருந்தார் எனல் மிகையாகாது.

இவ்விடத்திற் சி. சுந்தரலிங்கத்தின் நடத்தை ஒப்புநோக்கத்தக்கது. வவுனியாவின் சுயேச்சை உறுப்பினரான அவர் 1947 முதலே சேனநாயக்காவின் வர்த்தக மந்திரியாக இருந்தவர். பொன்னம்பலத்தைப் போன்று எதிர்க்கட்சியிலிருந்து வந்தவரல்லர். எனினும் இந்திய பாகிஸ்தானிய மசோதாவின் விடயத்தில் அரசாங்கத்தோடு உடன்படமாட்டாது அதே டிசெம்பரில் மந்திரிப் பதவியைத் துறந்தார். மந்திரியாக இருந்தமையால் வேறு வழியிருக்கவில்லை என்னும் வாதத்தை இவ்வொரு நிகழ்ச்சியே பலவீனப்படுத்துகின்றது. வழி இருந்தது, அதற்கொரு விலையும் இருந்தது, ஒருவர் அதனைச் செலுத்தினார், மற்றவர் செலுத்தவில்லை.

எண்ணிக்கையும் பொருளும்

பொன்னம்பலத்தின் வாக்கு முடிவை மாற்றியிருக்குமா என்னும் வினாவும் எழுதல் இயல்பு. ஆகஸ்ட் 20இல் அரசாங்கத்தின் மேலதிக வாக்குகள் 18. தமிழ்க் காங்கிரஸ் ஏழு உறுப்பினரையே கொண்டிருந்தது. அவர்கள் அனைவரும் எதிர்த்தும் முதற் சட்டம் நிறைவேறியது. டிசெம்பரிலும் அரசாங்கத்திடம் போதிய பலம் இருந்தது. எண்ணிக்கையளவில் அவருடைய வாக்கு இருமுறையும் தீர்மானிக்கும் வாக்கன்று.

அப்படியாயின் அதன் முக்கியத்துவம் யாது? முதலாவதாக, ஆகஸ்டில் இச்சட்டங்கள் தமிழ்ப் பிரதிநிதித்துவத்தின் எதிர்ப்பை மீறி வந்தவை எனக் கூறமுடிந்தது. டிசெம்பரில் வடக்கின் முதன்மைத் தலைவர் ஒருவரின் ஒப்புதலோடு வந்தவை என அரசாங்கம் கூறமுடிந்தது. இரண்டாவதாக, இவ்வாக்கு தமிழ்க் காங்கிரஸைப் பிளந்தது. செல்வநாயகமும் வன்னியசிங்கமும் செனற் சபையிலிருந்த ஈ. எம். வி. நாகநாதனும் பிரிந்துசென்று 1949 டிசெம்பர் 18இல் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினர். பின்வந்த தசாப்தங்களின் தமிழ் அரசியல் இப்பிளவிலிருந்தே கிளைத்தது. மூன்றாவதாக, 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரசையல்லாதோரின் வாக்குரிமையை நீக்கியபோது இவ்வரிசை முற்றுப்பெற்றது. தொகுதிகளோ குடிசனத் தொகையைக் கொண்டு வகுக்கப்பட்டவை. வாக்கிழந்த மக்களின் தலைகள் தொகுதிக் கணக்கிற் சேர்ந்தன. அவர்களின் வாக்குகள் பெட்டியிற் சேரவில்லை. மலைநாட்டுத் தொகுதிகளில் எஞ்சியிருந்த வாக்காளரின் நிறை அதனாற் கூடியது.

தீர்ப்பளித்தோர் யார்?

1952ஆம் ஆண்டுத் தேர்தல் முடிவுகள் இவ்வாய்வில் நின்று நோக்கத்தக்கவை. யாழ்ப்பாணத் தொகுதியிற் பொன்னம்பலம் மீண்டும் வென்றார். தமிழ்க் காங்கிரஸ் நான்கு இடங்களைப் பெற்றது. தமிழரசுக் கட்சி இரண்டையே பெற்றது. காங்கேசன்துறையிற் செல்வநாயகம் ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளர் எஸ். நடேசனிடம் தோல்வியுற்றார். டிசெம்பர் வாக்குக்காக வடபகுதி வாக்காளர் பொன்னம்பலத்தைத் தண்டிக்கவில்லை என்பதே இதன் பொருள். தோட்டத்து மக்களின் இழப்பைத் தம் இழப்பாக வடக்கு அன்று உணர்ந்திருந்தது என இன்று நாம் கூறிக்கொள்வது வரலாற்றுக்கு ஒவ்வாது.

நிலைமை 1956இல் மாறியது. தமிழரசுக் கட்சி பத்து இடங்களை வென்றது. தமிழ்க் காங்கிரஸுக்குப் பொன்னம்பலத்தின் ஓரிடமே எஞ்சியது. அவ்வாண்டு சூன் மாதத்திற் சிங்களம் மாத்திரம் மசோதா 66 வாக்குகளுக்கு 29 வாக்குகளால் நிறைவேறியபோது பொன்னம்பலம் எதிர்த்தே வாக்களித்தார். 1953இலேயே அவர் மந்திரிப் பதவியை இழந்திருந்தார். ஆனால் 1956இன் வாக்கு 1948இன் வாக்கை மறைக்கவில்லை. மாறாக, அதனை நினைவூட்டியது. மொழிச் சட்டம் தம் வாசலுக்கு வந்த பின்னரே வடக்கின் மக்கள் பிரசாவுரிமைச் சட்டத்தைப் புதிய கண்கொண்டு நோக்கினர். டிசெம்பர் வாக்கு ஒரு தலைவரின் தீராத பழியாக உருப்பெற்றது இக்காலத்திலேயே எனலாம். அப்பழியைப் பயன்படுத்திய தமிழரசுக் கட்சியும் பின்னர் அதே சோதனையை எதிர்கொண்டது. 1965இல் அது டட்லி சேனநாயக்காவின் தேசிய அரசாங்கத்திற் பங்குகொண்டது; அதன் சார்பில் செனற் உறுப்பினர் மு. திருச்செல்வம் மந்திரியானார். ஒத்துழைத்துப் பெறுதல் என்னும் வழி ஒருவருக்கே உரிய பலவீனமன்று என்பதை இது காட்டுகின்றது.

இவை யாவற்றிலும் ஒரு குரல் ஒலிக்கவில்லை. 1948இன் இரு வாக்குகளாலும் வாழ்வு மாறியவர்கள் மலைநாட்டு மக்கள். 1952இல் அவர்களுட் பெரும்பாலோரிடம் வாக்குச்சீட்டு இல்லை. இலங்கை இந்தியர் காங்கிரஸின் சார்பில் ஒருவரேனும் அவ்வாண்டுச் சபைக்குத் தெரிவாகவில்லை. தொண்டமான் 1960இல் நியமன உறுப்பினராகவே சபைக்கு மீண்டார். 1977இலேயே நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து தெரிவு செய்யப்பட்டார். அவ்வாண்டின் முற்பகுதியிற் பொன்னம்பலமும் செல்வநாயகமும் இரண்டரை மாத இடைவெளியில் மறைந்துவிட்டனர். ஓர் உறுப்பினரின் வாக்கை மதிப்பிடும் உரிமை தேர்தலில் மக்களிடம் திரும்புகின்றது என்பது பாராளுமன்ற ஆட்சியின் அடிப்படை. இங்கு அவ்வாக்கே, அதனை மதிப்பிட முதலுரிமை உடையோரைத் தேர்தலுக்கு வெளியே நிறுத்திய சட்டத்தொடருக்குத் துணைநின்றது. பொன்னம்பலத்தின் டிசெம்பர் வாக்கின்மீது நாம் காணும் மிகப் பெரிய குறை இதுவேயன்றி, அவர் தம் நிலையை மாற்றிக்கொண்டார் என்பதன்று. நிலை மாற்றத்தை வாக்காளர் மன்னிக்கவோ தண்டிக்கவோ கூடும். வாக்கிழந்தோரால் இரண்டும் இயலாது.

அவர்களின் நாடற்ற நிலை நீங்க நெடுங்காலம் சென்றது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை இரு நாடுகளுக்கிடையே எண்ணிப் பிரித்தது. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமுமே எஞ்சியோருக்கு வழிசெய்தன. 2003இன் சட்டம் பாராளுமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியது.

முடிவாக, பொன்னம்பலத்தின் பதிவை நாம் இவ்வாறு தொகுத்துரைக்கலாம்: 1945இல் பட்டியலில் இல்லை, 1948 ஆகஸ்டில் எதிர்ப்பு, டிசெம்பரில் ஆதரவு, 1956இல் எதிர்ப்பு. ஆகஸ்ட் வாக்கை மறைப்போர் அவருக்கு அநீதி இழைக்கின்றனர். டிசெம்பர் வாக்கை மறைப்போர் மலைநாட்டு மக்களுக்கு அநீதி இழைக்கின்றனர். அவ்விரண்டுக்கும் இடையே செப்டெம்பர் 3 என்னும் நாளை வைத்துப் படிக்கும்போதே பதிவு பொருள்படுகின்றது. ஏனைய தமிழ் உறுப்பினரின் வாக்குகளும் இவ்வாறே, கட்சி வேறுபாடின்றி, நாள் வரிசையிலும் இருக்கை வரிசையிலும் வைத்து ஆராயப்படல் வேண்டும். அப்பணியை இளம் ஆய்வாளர் மேற்கொள்வாராயின், தலைவர்களைப் பற்றிய நமது உரையாடல் புகழ்ச்சி இகழ்ச்சி என்னும் இரு துருவங்களினின்றும் விடுபட்டுச் சான்றின்பாற் சாரும் என நம்புகின்றோம்.